ஸெய்லானிக்கஸ்: இலங்கையைச் சுட்டும் ஓர் இலத்தீன் பெயரடை

மகாவலி பேராதனையைச் சுற்றிப் பல்லேகலப் பக்கம் வளைந்தோடும் கண்டிப் பகுதியின் தாவரங்களை அறிவியற் பெயர்களால் அறிய முற்படுவோர், 'இலங்கைக்குரிய' என்னும் ஒரே பெயரடையை ஸெய்லானிக்கஸ், ஸெய்லானிக்கா, ஸெய்லானிக்கம் என மூன்று வடிவங்களில் காண்கின்றனர். தமிழில் 'நல்ல' என்னும் பெயரடை ஆணுக்கும் பெண்ணுக்கும் மரத்துக்கும் மாறாது நிற்க, இலத்தீனிலோ பெயரடை தான் தழுவும் பெயரின் பாலுக்கேற்ப ஈறு மாறும். ஆண்பாலுக்கு 'உஸ்', பெண்பாலுக்கு 'ஆ', அலிப்பாலுக்கு 'உம்' என்பன அதன் ஈறுகள். பேராதனைப் பூங்காவை நெடுங்காலம் நிருவகித்த துவெயிட்ஸ், சிங்களத்தில் 'ஹோர' எனப்படும் மரத்துக்கு டிப்டெரோகார்ப்பஸ் ஸெய்லானிக்கஸ் எனப் பெயரிட்டார். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் கொடிவேலியை பிளம்பாகோ ஸெய்லானிக்கா என்றார். நாவலின் உறவான ஒரு மரம் சைசீஜியம் ஸெய்லானிக்கம் ஆயிற்று. நூற்பெயர்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே: தாவரவியலாளர் ஹெர்மன் இலங்கையில் திரட்டியவற்றைப் பற்றிய 1717ஆம் ஆண்டு நூல் 'மூசேயம் ஸெய்லானிக்கம்', அத்தொகுப்பை ஆராய்ந்து லின்னேயஸ் 1747இல் வெளியிட்டது 'ஃபுளோரா ஸெய்லானிக்கா'.

ஆயினும் ஈற்றை மட்டும் கண்டு பாலைத் துணிதல் தவறு. அரசமரத்தின் பேரினப் பெயர் 'ஃபைக்கஸ்' என 'உஸ்' ஈறு பெற்றிருந்தும், மரப்பெயர்களைப் பெண்பாலாகக் கொள்ளும் பழைய இலத்தீன் வழக்கால், அதன் அடைமொழி 'ரெலிஜியோஸா' என்றே அமைகிறது.

உச்சரிப்பே இச்சொல்லில் மிகச் சுவையான பகுதி. ஒல்லாந்தர் 'ஸெய்லான்' என எழுதிய நாட்டுப்பெயரே இதன் அடி. அதன் உரோம எழுத்து வடிவில் முதலில் வரும் 'இசட்'டும் யகரத்தைக் குறிக்கும் 'வை'யும், கிரேக்கச் சொற்களை எழுதுவதற்காக இலத்தீன் கடன்பெற்ற எழுத்துகளாகும். 'சி' என்னும் எழுத்தால் தொடங்கும் மாற்று வடிவமும் உண்டு; அவ்வெழுத்து எகரத்தின் முன் பழைய உரோமரிடம் ககரமாகவும், திருச்சபை மரபில் சகரமாகவும், ஆங்கிலேயரிடம் ஸகரமாகவும் ஒலித்தது. ஒரே பேரினத்தில் இவ்விரு வடிவங்களும் வெவ்வேறு தாவரங்களுக்கு இடப்பட்டால், தாவரப் பெயரீட்டு விதிக்கோவை அவற்றை ஒரே பெயராகவே கருதுகிறது.

அழுத்தமோ கடைசியிலிருந்து மூன்றாம் அசையான 'லா'வில் விழும். ஏனெனில் அடுத்துள்ள 'னி' குறில். தமிழில் ககரத்தை இரட்டிக்காது எழுதினால் அது மெலிந்து ஒலிக்குமாதலால் 'னிக்க' என எழுத நேர்கிறது. அவ்வொற்றே 'னி'யைக் கனக்கச் செய்து, வாசிப்போரின் அழுத்தத்தை இடம்பெயர்க்கிறது. ஆகவே எழுத்தில் ஒற்று இருப்பினும், மாணவர் 'லா'வை அழுத்தி, 'னி'யை விரைந்து ஒலிப்பதே முறை.