தலைக்கு மேலே தொங்கிய பலகை

வீதி யாருக்குச் சொந்தம்? வகுப்பறையில் இக்கேள்வியைக் கேட்டால், எல்லோருக்கும் என்று சின்னஞ்சிறுவர்களும் விடை கூறிவிடுவர். சரியான விடைதான். ஆனால், அந்த வீதிக்கு மேலே இருக்கும் வெளி யாருக்குச் சொந்தம்? அங்கே பலகையை நீட்டவும், பெயரைத் தொங்கவிடவும் உரிமை பெற்றவர் யார்? எவ்வளவு நீட்டலாம் என்று அளவு வகுப்பவர் யார்? இதற்கு ஒழுங்கான விடை காண, இலண்டன் மாநகருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பிடித்தன. மன்னர்தம் போர்களையும் மணவினைகளையும் பக்கம் பக்கமாகத் தீட்டும் வரலாற்று ஏடுகள், இந்தக் கதைக்கு ஒரு மூலையைத்தான் ஒதுக்கியுள்ளன. அந்த மூலையிலே சற்று நின்று பார்ப்போம், வாருங்கள்.

எழுத்தறிவு சிலருக்கு மட்டுமே வாய்த்திருந்த காலம் அது. கடைக்குப் பெயர் எழுதிப் பயன் என்ன, படிப்பார் யார்? ஆகவே, சின்னம் பேசிற்று. மதுக்கடைக்காரர் தம் வாயிலின் மேல் ஒரு நீண்ட கழியை நாட்டி, நுனியில் இலைக்கொத்தைக் கட்டினார். கண்டவர் புரிந்துகொண்டனர். ஒருவர் கழி நான்கு அடி என்றால், அடுத்தவர் கழி ஆறு அடி. அதற்கடுத்தவர் கழி அதனினும் நீளம்! குதிரையில் செல்வோருக்கு அது இடையூறாயிற்று; எடை தாளாமல், கழி தாங்கிய வீடே சிதையலாயிற்று. 1375ஆம் ஆண்டில் இலண்டன் நகர ஆட்சியினர் ஆணை பிறப்பித்தனர்: வீதியின் மேல் 7 அடிக்கு மிகுதியாக எந்தக் கழியும் நீளலாகாது, மீறினால் 40 பென்சு தண்டம், கழியையும் அகற்றிட வேண்டும்.

அந்த ஆணைக்குக் காட்டப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள். மன்னர் பெருமைக்கு இழுக்கு என்றோ, மதகுருவின் மனம் புண்படுகிறது என்றோ அதில் இல்லை. வழிச்செல்வோருக்கு இடையூறு, வீட்டுக்குக் கேடு என்பதே காரணம். மக்கள் நலனை அளவுகோலாகக் கொண்டு பிறந்த விதி அது!

பதினெட்டு ஆண்டுகள் சென்று, 1393இல், இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் ஆட்சியில் மற்றொரு விதி வந்தது. மது காய்ச்சி விற்போர் அனைவரும் வாயிலில் சின்னம் தொங்கவிட்டே ஆகவேண்டும். தவறினால் மது பறிமுதல். முன்னது நீட்டாதே என்றது; பின்னது மறைக்காதே என்றது. முரண்பாடோ என்று தோன்றும், முரண்பாடு இல்லை. மதுவின் தரத்தைச் சோதிக்கும் அலுவலர் கடையை அடையாளம் காணவேண்டும் அல்லவா? 'இங்கே விற்கிறேன், வந்து சோதித்துக்கொள்ளுங்கள்' என்று விற்பவர் ஊருக்குத் தரும் உறுதிமொழியாக இருந்தது அந்தச் சின்னம். ஆக, பலகை வைப்பதும் மக்களுக்காக. அதன் நீளத்தை அடக்குவதும் மக்களுக்காக.

காலம் உருண்டது, வணிகம் வளர்ந்தது, செல்வம் கொழித்தது. முதலாம் சார்லசு மன்னர் நகர மக்களுக்கு வழங்கிய பட்டயம், வீதியின் மேல் சின்னங்களைத் தொங்கவிடும் உரிமையையும் அளித்தது. உரிமை வந்ததும் பொறுப்பு மறந்தது! இலைக்கொத்துப் போய், இரும்புச் சட்டங்களில் பொன்முலாம் பூசிய பலகைகள் வந்தன. எதிரெதிர் வீடுகளின் பலகைகள் வெளிச்சத்தை விழுங்கின; காற்றைத் தடுத்தன; காற்றடிக்கும் இரவுகளிலே கிறீச்சிட்டு ஊரின் உறக்கத்தைக் கெடுத்தன. 1666இல் பெருந்தீ நகரை எரித்தது. புதிய நகரை எழுப்பும்போது, இனிப் பலகைகள் வீதிக்குக் குறுக்கே தொங்கலாகாது, வீட்டின் முகப்பிலேயே பொருத்தப்பட வேண்டும் என்று ஆணை எழுந்தது. ஆணை ஏட்டிலே இருந்தது. பலகை வீதியிலே ஆடிற்று!

1711இல் அடிசன் என்னும் எழுத்தாளர், 'சுபெக்டேட்டர்' ஏட்டில் இதனை எள்ளி நகையாடினார். உலகில் எங்கும் இல்லாத நிறத்திலும் வடிவிலும் விலங்குகள் தெருவெல்லாம் தொங்குகின்றன, இவற்றைக் கண்காணிக்க ஓர் அதிகாரி வேண்டும், அந்தப் பதவியை எனக்குத் தாருங்கள் என்று ஒருவர் கேட்பதாகக் கற்பனைக் கடிதம் ஒன்றை வெளியிட்டார். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டு, பலகையின் கீழேயே நடந்து சென்றது.

சிரிப்பு அடங்கும் நாளும் வந்தது. 1718இல், ஃபிளீட் தெருவை ஒட்டிய பிரைடு சந்தில், ஒரு பெரும்பலகை தன்னைத் தாங்கிய வீட்டின் முன்சுவரையும் பெயர்த்துக்கொண்டு வீழ்ந்தது. நால்வர் மாண்டனர். இளம்பெண்கள் இருவர், மன்னரின் நகைவணிகர் ஒருவர், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர். மாளிகைக்கு நகை தந்தவரும் ஏழைக்குச் செருப்பு தைத்தவரும் ஒரே இடிபாட்டின் கீழே! இரும்புக்கு உயர்வு தெரியவில்லை, தாழ்வும் தெரியவில்லை.

'எல்லாம் விதி' என்று அன்று எவரேனும் பெருமூச்சு விட்டிருக்கக்கூடும். ஆம், விதிதான்! தலையில் எழுதிய விதியன்று, தாளில் எழுதிய விதி. அந்த விதி நால்வரைக் கொல்லவில்லை. அதை மீறியதும், மீறலைக் கண்டும் காணாதிருந்ததும் கொன்றன. 1375இலேயே பலகையின் எடை வீட்டைச் சிதைக்கும் என்று எழுதிவைத்தவர்கள் இருந்தார்களே! அறிவு இருந்தது, ஆணை இருந்தது, ஆற்றும் துணிவு இல்லை.

அத்துணிவு வர மேலும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. பாரிசு நகரம் முந்திக்கொண்டது. 1761இல் அந்நகரக் காவல்துறைத் தலைவர் சார்த்தீன், பலகைகளைச் சுவரோடு ஒட்டிப் பொருத்துமாறு கட்டளையிட்டார்; நான்கு அங்குலத்திற்கு மேல் துருத்தலாகாது என்றார். 1762இல் இலண்டனின் வெசுட்மின்சுட்டர் பகுதிக்குத் தளம் அமைக்கும் சட்டம் ஒன்று பிறந்தது. தெருவுக்குக் கல் பாவ வந்த சட்டமே தொங்கும் பலகைகளையும் இறக்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் நகரின் பிற பகுதிகளும் அவ்வழியே சென்றன.

கலை அழிந்தது, எழுதப்படிக்கத் தெரியாதவர் வழிகாட்டியை இழந்தனர் என்று வாதிடுவோர் உண்டு. படத்தை எவரும் தடை செய்யவில்லை. தலைக்கு மேலிருந்து சுவருக்கு மாற்றினர், அவ்வளவே. மேலும், வீட்டுக்கு எண் இடும் வழக்கம் அக்காலத்தில்தான் பரவிற்று. பிரெசுகாட் தெருவில் 1708இலேயே சின்னங்களுக்கு மாற்றாக எண்கள் இருந்தன. 1760களில் அது நகரெங்கும் வேரூன்றத் தொடங்கிற்று. பொன்முலாம் பூசப் பொருள் உள்ளவனுக்குப் பெரிய எண், இல்லாதவனுக்குச் சிறிய எண் என்று இல்லை. செல்வர் வீடு ஏழு என்றால், அடுத்திருக்கும் எளியவர் வீடு எட்டு. கணக்கிலே குலம் ஏது!

இலண்டன் கதை நமக்கெதற்கு என்று கேட்பீராயின், நம் ஊர்த் தெருவை எண்ணிப் பாருங்கள். பொது இடங்கள் அலங்கோலமாவதைத் தடுக்கும் சட்டம் இங்கே 1959இலேயே இயற்றப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில், சென்னைப் பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைக்கப்பட்ட திருமண வரவேற்புப் பதாகை ஒன்று இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண்மீது சரிந்தது. நிலைகுலைந்து வீழ்ந்தவர்மீது பின்னால் வந்த தண்ணீர் வண்டி ஏறிற்று. பிரைடு சந்தின் நால்வரோடு, மூன்று நூற்றாண்டுகள் கடந்து, ஐந்தாமவராய் நம் வீட்டுப் பெண்!

பதாகை கட்டுவோர் யாரோ அயலார் அல்லர். மாநாடு என்றாலும் மணவிழா என்றாலும் கழி நடுவோர் நம் தோழர்களே. நாமும் கயிறு பிடித்தவர்களே. அனுமதிச்சீட்டு என்றால் அடிமைச்சீட்டு என்று சீறும் துடிப்பு நமக்கு உண்டு. எதை எழுதுவது என்பதற்கு அனுமதி கேட்கச் சொன்னால் சீறுவோம், சீறத்தான் வேண்டும்! கருத்தை அளக்க எந்த அலுவலகத்துக்கும் உரிமையில்லை. ஆனால், கழியின் நீளத்தை அளக்கட்டும். சட்டத்தின் எடையை அளக்கட்டும். நடைபாதையில் குழி தோண்டலாமா என்று சொல்லட்டும். அந்த அளவுகோல் ஆள்வோரின் செங்கோல் அன்று. கீழே நடப்பவரின் கைத்தடி.

அடுத்த விழாவுக்குக் கழி நடுமுன், தோழர்களே, ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பலகையில் இருக்கும் பெயரைப் பார்த்தது போதும். அதன் கீழே நடந்துவரும் பெயர் தெரியாத மனிதரைப் பாருங்கள். வீதி அவருக்கும் சொந்தம். வீதிக்கு மேலே உள்ள வெளியும் அவருக்குச் சொந்தம்.