சிறுநீரகக் கல் உடைப்புக் கருவிகள்

சிறுநீரகக் கல் உடைப்புக் கருவிகள் என்பவை, சிறுநீரகத்திலோ சிறுநீர்க்குழாயிலோ உள்ள கற்களை அகநோக்கி வழியாக அணுகி, உடலுக்குள்ளேயே உடைக்கப் பயன்படும் அறுவை மருத்துவக் கருவிகள் ஆகும். கல்லை உடைக்கும் ஆற்றல் அதைச் சூழ்ந்துள்ள திசுவையும் காயப்படுத்தக்கூடும். எனவே இக்கருவிகளை ஒப்பிடுகையில் உடைக்கும் திறனுடன் பாதுகாப்பும் கருத்தில் கொள்ளப்படுகிறது.

வரலாறு

1976 இல் சுவீடனைச் சேர்ந்த ஃபெர்ன்ஸ்ட்ரம், யொஹான்சன் ஆகியோர், முதுகுப்புறத் தோலில் இட்ட சிறு துளை வழியாகச் சிறுநீரகக் கல்லை அகற்றும் முறையை வெளியிட்டனர். 1980 இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைக்கும் சிகிச்சை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்டது. இதற்குத் துளை தேவையில்லை. எனினும் பெரிய, கடினமான கற்களுக்கு இது போதுமானதன்று. பொதுவாக 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சிறுநீரகக் கற்களுக்குத் துளைவழி அறுவையே பரிந்துரைக்கப்படுகிறது.

வகைகள்

* மின்நீரியல் கருவி: நீரினுள் எழுப்பப்படும் மின்பொறி அதிர்வலையை உருவாக்கிக் கல்லை உடைக்கிறது. திசுச் சுவர் துளைபடும் இடர் இதில் மிகுதி.
* காற்றழுத்தக் கருவி: அழுத்தப்பட்ட காற்றால் உந்தப்படும் சிறு உலோகத் துண்டு, உளியைச் சுத்தியல் தாக்குவது போல் கோலின் அடியில் மோதுகிறது. வெப்பக் காயம் ஏற்படுவதில்லை. ஆனால் சிறுநீர்க்குழாயில் உள்ள கல் பின்னோக்கித் தள்ளப்பட்டுச் சிறுநீரகத்துக்குள் சென்றுவிடலாம்.
* மீயொலிக் கருவி: உள்ளீடற்ற உலோகக் கோல் நொடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிர்ந்து கல்லைப் பொடியாக்குகிறது, அப்பொடி கோலின் வழியாகவே உறிஞ்சப்படுகிறது. வளையும் அகநோக்கிகளில் இக்கோலைச் செலுத்த இயலாது.
* சீரொளிக் கருவி: ஓல்மியம் சீரொளியின் அலைநீளம் ஏறத்தாழ 2100 நானோமீட்டர். நீர் இதை மிகுதியாக உட்கவர்வதால், திசுவில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமே ஊடுருவுகிறது. மெல்லிய இழை வழியே செல்வதால் வளையும் அகநோக்கிக்கும் ஏற்றது. தூலியம் இழைச் சீரொளி (ஏறத்தாழ 1940 நானோமீட்டர்) பின்னர் பயன்பாட்டுக்கு வந்தது.

பாதுகாப்பு

சீரொளி சுற்றியுள்ள நீரைச் சூடாக்குகிறது. கழுவுநீரின் ஓட்டம் அவ்வெப்பத்தைத் தணிக்கிறது. ஆனால் கழுவுநீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தினால் சிறுநீரகத்தின் உள்ளழுத்தம் உயரும். அப்போது பாக்டீரியாக்களும் அவற்றின் நச்சுப்பொருள்களும் குருதியில் கலந்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கலாம். உறிஞ்சும் வசதியுள்ள கருவிகள் இவ்வழுத்தத்தைக் குறைக்க உதவுகின்றன.

இதனாலேயே அறுவைக்கு முன் சிறுநீரில் நோய்த்தொற்று உள்ளதா எனச் சோதிக்கப்படுகிறது. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் காணப்பட்டால், கல் உடைப்பதை ஒத்திவைத்து, முதலில் சீழை வடியச் செய்வர். எல்லாக் கற்களுக்கும் பொருந்தும் ஒரே கருவி இல்லை. கல்லின் அளவு, கடினம், இருப்பிடம் ஆகியவற்றைக் கொண்டே கருவி தெரிவு செய்யப்படுகிறது.