போர்க்களத்துக் கம்பளி அங்கி

புதுவைக் கடற்கரையில், 1914–1918 பெரும்போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. நம் சாரத்தில் மார்கழிப் பனிக்கு ஒரு போர்வையே போதும். ஆனால் பிரான்சின் கடுங்குளிரில் அவ்வீரர்களுக்குக் கனத்த கம்பளி மேலங்கியே காப்பாயிற்று. 1915 முதல் அதன் நிறம் வெளிர்நீலம். மழையிலும் பதுங்குகுழிச் சேற்றிலும் ஊறியபோது அதுவே பெருஞ்சுமையுமாயிற்று. 1914இன் குளிர்காலத்தைப் பிரித்தானிய இந்தியப் படையின் முஸ்லிம் வீரர்களும் அங்கேயே கழித்தனர்.

அந்நியர் நாட்டு உடை முஸ்லிமுக்கு ஆகுமா என்னும் வினாவுக்கு விடை பழையது. ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக் கம்பளி ஜுப்பா அணிந்திருந்தார்கள். அதன் கைகள் குறுகலாயிருந்தமையால், உளூவுக்காகத் தம் கரங்களை அங்கியின் கீழ்ப்புறமாக வெளியே எடுத்தார்கள் என முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். ஷாம் அன்று ரோமர் ஆட்சியில் இருந்தது. போரில் கம்பளி ஜுப்பா அணிவது குறித்து இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தனிப் பாடமே அமைத்துள்ளார்கள்.

எனவே அங்கியில் குறை காண்பதற்கில்லை. உதுமானியக் கிலாஃபத் எதிரணியில் நின்ற ஒரு போரில், நம்மவர் யாருடைய நலனுக்காக அதனை அணிந்தனர் என்பதையே நாம் ஆராய வேண்டும்.