நாற்பதை நெருங்கும் வயதில் டெனிஸ் வொலி: திடல் இல்லாமலும் பழகலாம்

மென்பந்துக் கிரிக்கெட்டில் அடிபட்டு மயிர் உதிர்ந்துபோன டெனிஸ் பந்து விசுவமடுவில் அநேகமான வீடுகளில் ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும். ஆனால் அந்தப் பந்து எந்த ஆட்டத்துக்காகச் செய்யப்பட்டதோ அதை விளையாடியவர்கள் மிகக் குறைவு. 23.77 மீற்றர் நீளத்தில் பந்து ஒரேமாதிரி எழும்பக்கூடிய சமமான தளம் வேண்டும். அதைப் போடுவதற்கும் பராமரிப்பதற்கும் ஆகும் செலவை நினைத்தாலே ஒரு கிராமத்து விளையாட்டுக் கழகம் பின்வாங்கிவிடும்.

ஆனால் டெனிசில் ஒரு பகுதிக்குத் தளமே தேவையில்லை. பந்து நிலத்தில் விழமுன் வலைக்கு அருகில் நின்று அடிக்கும் அடிக்கு வொலி என்று பெயர். பந்து நிலத்தைத் தொடாதபடியால் நிலம் மணலா, கிறவலா, மேடுபள்ளமா என்பது அதற்குப் பொருட்டல்ல. கிரிக்கெட்டுக்கு உதவாது என்று தூக்கிப்போட்ட, துள்ளாத பழைய பந்தும் போதும். அது மட்டையிலிருந்து மெதுவாகத் திரும்புவதால் புதிதாகப் பழகுபவருக்கு நல்லதும்கூட.

2009 இல் இருபது வயதில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் கிழக்கு நோக்கி நடந்தவர்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். ஒருவர் விளையாட்டைப் பழகும் வயது அவர்களுக்கு இடம்பெயர்விலும் முகாமிலும் கழிந்தது. இனி ஓடி விளையாட முடியுமா என்று கேட்பவர்களுக்கு வலையோரம் ஒரு நல்ல இடம். அங்கே ஓட்டம் குறைவு, கவனம்தான் அதிகம். லியாண்டர் பயஸ் 2016 இல் மார்ட்டினா ஹிங்கிசுடன் சேர்ந்து பிரெஞ்சு பகிரங்கப் போட்டியின் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 42. அந்த வயதில் அவரைத் தாங்கியது வலையோர ஆட்டம்தான். சிறுவயதில் அவர் பயிற்சி பெற்றது சென்னையில், அமிர்தராஜ் குடும்பத்தினரின் பயிற்சிக்கூடத்தில். அதே நகரத்தைச் சேர்ந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960 இலும் 1961 இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனவர். பலமான சேர்வ் அவரிடம் இருக்கவில்லை. பந்தை மெதுவாகத் தொட்டு எதிராளி இல்லாத இடத்துக்கு அனுப்பும் கைதான் அவருடைய பலம். வொலிக்கு முரட்டுப் பலம் வேண்டாம் என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

முதலில் வலை. டெனிஸ் வலையின் நடு உயரம் 91 சென்ரிமீற்றர், கம்பங்களில் 1.07 மீற்றர். ஆண்களின் கரப்பந்து வலை 2.43 மீற்றர் உயரம். ஆகவே கரப்பந்துத் திடலில் அதே கம்பங்களுக்கிடையே இடுப்பளவில் ஒரு கயிற்றைக் கட்டி, பழைய மீன்வலைத் துண்டொன்றைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. வீட்டு வளவில் இரண்டு தென்னைகளுக்கிடையே கட்டினாலும் சரி. கழக மைதானத்துக்குப் போகத் தயங்கும் பெண்களுக்கு வளவே வசதி.

மட்டைக்கு முன்பு கை. ஒருவர் வலைக்கு அப்பால் நாலைந்து மீற்றரில் நின்று பந்தைக் கீழ்க்கையால் மெதுவாக எறியட்டும். மற்றவர் அதை வெறுங்கையால், உடலுக்கு முன்னால் கை நீட்டிப் பிடிக்கட்டும். தோளுக்குப் பக்கத்தில் வரவிட்டுப் பிடித்தால் அது கணக்கில்லை. வொலியின் முதற் பாடமே இதுதான்: பந்தை உங்களுக்கு முன்னால் சந்திக்க வேண்டும். இது கைவந்த பிறகு மட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அதே பந்தைத் தடுக்கலாம். பிறகுதான் கைபிடிக்கு இறங்க வேண்டும்.

பிடியை எங்கள் ஆட்களுக்கு விளக்குவது சுலபம். காட்டுக்கத்தியால் ஒரு தடியை வெட்டப்போவது போல, மட்டையின் விளிம்பு நிலத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். வலப்பக்கம் வந்தாலும் இடப்பக்கம் வந்தாலும் இதே பிடிதான், மாற்ற நேரம் கிடையாது. மட்டையின் தலை மணிக்கட்டுக்கு மேலே நிற்க வேண்டும். பந்து படும் கணத்தில் மட்டும் பிடியை இறுக்குங்கள்.

பெரியவர்கள் அநேகமாக விடும் பிழை வீசுவது. கிரிக்கெட்டில் பழகிய கை பின்னுக்குப் போய் ஓங்கும். வொலியில் ஓங்கக்கூடாது. வருகிற பந்திலேயே வேகம் இருக்கிறது, அதற்கு ஒரு சுவரைக் காட்டினால் போதும். வலக்கைக்காரர் என்றால் வலப்பக்கப் பந்துக்கு இடக்காலையும் இடப்பக்கப் பந்துக்கு வலக்காலையும் முன்வைத்துச் சிறிதாகக் குத்துங்கள். ஓங்கும் பழக்கம் போகாவிட்டால் மதிலில் முதுகு முட்ட நின்று பழகிப்பாருங்கள். பின்னுக்குப் போகும் மட்டையை மதில் தடுத்துவிடும். (மட்டை இரவல் என்றால் இதைச் செய்யாதீர்கள்.)

தாழ்ந்து வரும் பந்துக்கு மட்டையைத் தாழ்த்துவதைவிட முழங்காலை மடிப்பதே முறை. மட்டையின் முகம் சற்று வானம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து வலையில்தான் போகும். ஓவர் கேம் கரப்பந்து ஆடியவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கை முன்னால், முழங்கால் தளர்வாக, கண் பந்தில் என்று நிற்க அவர்கள் ஏற்கனவே பழகியவர்கள். வலையைத் தொட்டால் புள்ளி போய்விடும் என்பதும், பந்து வலையைக் கடந்து இந்தப் பக்கம் வரமுன் கையை நீட்டி அடிக்கக்கூடாது என்பதும்தான் அவர்கள் கவனிக்க வேண்டியவை.

இனி, வெளியூர்ப் பயிற்சிப் புத்தகங்களில் இல்லாத ஒன்று. வலைக்கு இருபுறமும் ஆறு மீற்றர் இடைவெளியில் இருவர் நிற்கையில், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்குள் முகத்துக்கு முன் வந்துவிடும். கண்ணை மூடுவதும் முகத்தைத் திருப்புவதும் எல்லா மனிதருக்கும் இயல்பு. ஆனால் செல் கூவும் சத்தத்துக்கு நிலத்தில் விழுந்து உயிர் தப்பிய உடலுக்கு, எதிரே வரும் பொருளை முன்னேறிச் சந்தி என்று சொல்வது வேறு விடயம். அங்கே அந்த உடல் செய்தது சரி. அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று மைதானத்தில் யாரும் பகிடி பண்ணக்கூடாது.

அப்படியானவருக்குப் பந்தை எறிபவர் எறியமுன் குரல் கொடுக்கட்டும். சொல்லாமல் எறிவதும் விளையாட்டுக்காகத் திடுக்கிடவைப்பதும் வேண்டாம். வேகத்தைக் கூட்டச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும் பழகுபவருடைய கையில் இருக்கட்டும். இது மனவடுவுக்கான சிகிச்சை அல்ல. நித்திரை வராதவர்களும் பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருபவர்களும் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும்.

ஒரு கண் பார்வையை இழந்தவர்களுக்குப் பந்தின் தூரத்தைக் கணிப்பது கடினம். அதைவிட முக்கியம், மிஞ்சியிருக்கும் கண். பொலிகாபனேற்றுப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அவர்கள் வலையோரம் நிற்கவே கூடாது. உடலில் எறிகணைச் சிதறல் இருப்பவர்கள் தொடங்கமுன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. செயற்கைக் காலுடன் ஆடுபவர், எதிராளி அடிக்கும் கணத்தில் மற்றவர்கள் போடும் சிறு துள்ளலைப் போட வேண்டியதில்லை. கால்களை அகலவைத்து உறுதியாக நின்றாலே போதும். இரட்டையர் ஆட்டத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவரே தெரிவு செய்யட்டும்.

சக்கர நாற்காலி டெனிஸ் 1976 இல் அமெரிக்காவில், பனிச்சறுக்கில் காயமடைந்த பிராட் பார்க்ஸ் என்ற இளைஞரால் வளர்க்கப்பட்டது. 1992 பார்சலோனாவில் அது பராலிம்பிக் பதக்க ஆட்டமானது. பந்து இரண்டு தடவை துள்ளலாம் என்பதைத் தவிர விதிகள் ஏறக்குறைய ஒன்றே. இலங்கையிலும் இந்த ஆட்டம் உண்டு. நாட்டின் சார்பில் சர்வதேசப் போட்டிகளுக்குப் போன வீரர்களில் பலர் இராணுவத்தினர். அதே போரில் காலையும் முதுகெலும்பையும் இழந்த எங்கள் பக்கத்தவர்களுக்கும் அந்த நாற்காலியும் திடலும் கிடைக்க வேண்டும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலர்களிடம் கேட்பதில் தவறில்லை.

அதுவரைக்கும் கயிறும் மீன்வலையும் இருக்கின்றன. வெயில் தாழ்ந்த பிறகு அரை மணித்தியாலம், கிழமைக்கு மூன்று நாள். முதல் இரண்டு கிழமையும் எண்ண வேண்டியது எத்தனை பந்து வலைக்கு அப்பால் போனது என்பதையல்ல, எத்தனை பந்தைக் கண் திறந்தபடி சந்தித்தீர்கள் என்பதை. எண்ணுவதற்குப் பிள்ளைகளில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பொய் சொல்லமாட்டார்கள்.