திண்ணையில் ஏறியவர் யார்?

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஊர்ப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து 12,498, மாணவர் 1,88,650. வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குப் பதினைந்து பேர். ஒரு திண்ணை கொள்ளும் கூட்டம்தான்.

இந்தப் பதினைந்து பேரை வைத்து இரு தரப்பினர் வழக்காடி வருகிறார்கள். இந்தப் பள்ளிகள் அந்நியர் வெட்டிச் சாய்த்த அழகிய மரம் என்பது 1983இல் தரம்பால் வெளியிட்ட நூலுக்குப் பிறகு வலுப்பெற்ற தரப்பு. பிரம்பும் உருப்போடுதலும் தவிர அங்கே வேறென்ன என்பது மறுதரப்பு. கற்பித்த ஒழுங்கு ஒன்று, நுழையும் உரிமை வேறொன்று. இரு தரப்புமே இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகின்றன என்பது என் வாதம்.

முதலில் ஒழுங்கு. திண்ணைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது. மணலில் விரலால் எழுத்துக் கூட்டும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே எண்சுவடி ஒப்பிக்கும் பையன் உட்கார்ந்திருப்பான். ஒரு சுவடி முடிந்தால் அடுத்தது. அதற்கு எத்தனை மாதம் என்பது பிள்ளையைப் பொறுத்தது. எண்சுவடியில் முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20. நெல்லும் நிலமும் இந்தப் பின்னங்களில்தான் அளக்கப்பட்டன. ஆகவே மனப்பாடம் இங்கே கணக்கரின் கைக்கருவி. கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபுவின் ஆய்வுகள் இதைத் தெளிவாக்கியிருக்கின்றன. மாலையில் பள்ளி கலையும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லி அனுப்புவார், மறுநாள் காலை அதை மறக்காமல் வந்து சொல்லவேண்டும் என்று உ.வே.சா. 'என் சரித்திரத்தில்' நினைவுகூர்கிறார். ஆளுக்கொரு சொல் கொடுத்தனுப்பப் பதினைந்து பேர் இருந்தால் முடியும்; நூற்றைம்பது பேர் இருந்தால் முடியாது.

இந்த ஒழுங்கைப் பெரிய அமைப்பு இரவல் வாங்கிய கதை எழும்பூரில் தொடங்குகிறது. 1789 முதல் அங்கிருந்த அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், ஊர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் முரண்டு பிடிக்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கற்பிக்க வைத்தார். 1797இல் லண்டனில் இந்தச் சோதனையை நூலாக அச்சிட்டார். மணலின் கடனை ஒப்புக்கொண்ட அவர், மாணவனே கற்பிக்கும் முறையை மட்டும் தம் கண்டுபிடிப்பு என்றார். மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இல்லாத திண்ணை ஏது? அவர் கண்ணில் மணல் மட்டும் பட்டது என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது. போகட்டும், இரவலைவிட முக்கியம், அது போய்ச் சேர்ந்த இடம். இங்கிலாந்தில் ஜோசப் லங்காஸ்டர் போன்றோர் கையில் அது ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே ஆசிரியரை வைத்துச் சமாளிக்கும் உத்தியானது. திண்ணையின் சிக்கனம் கப்பலேறியது. ஆளுக்கொரு வேகம் என்பது கரையிலேயே நின்றுவிட்டது.

இனி உரிமை. தமிழ் மாவட்டங்களில் மாணவரில் பெரும்பான்மையோர் 'சூத்திரர்' என்ற பத்தியில் வருவதைத் தரம்பால் சரியாகவே சுட்டினார். ஆனால் அடுத்த பத்தியின் தலைப்பு 'மற்றெல்லாச் சாதியார்'. சேரிப் பிள்ளை திண்ணையில் ஏறினானா என்பதற்கு அந்தத் தலைப்பு விடை தராது. 1,88,650 பேரில் பெண்கள் 4,540. திண்ணை என்பது ஒரு வீட்டின் முகப்பு. அந்த வீடு ஒரு தெருவில், அந்தத் தெரு ஒரு சாதிக்குரியதாக இருந்தது. கற்பித்த ஒழுங்கில் குறை இல்லாத இடத்திலும் வாசல் குறுகலாகவே இருந்திருக்க முடியும்.

பள்ளிகள் மூடிக்கிடந்த கொரோனாக் காலத்தையொட்டி, 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யை இந்த இரண்டு கேள்விகளோடும் அணுகவேண்டும். தொடக்கத்தில் தன்னார்வலர் ஒருவருக்கு இருபது பிள்ளைகள் வரை. மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணிநேரம். மாதம் 1,000 ரூபாய். தன்னார்வலரில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு காலத்தில் திண்ணைக்கு வெளியே நின்றவர்களின் பேத்திகளும் அவர்களுள் இருந்திருப்பார்கள். இது சிறிய மாற்றமன்று. அந்த ஆயிரம் ரூபாயோ பெல்லின் சிக்கனத்தையே நினைவூட்டுகிறது. தன்னார்வலர்கள் அந்தந்தக் குடியிருப்பிலிருந்தே எடுக்கப்பட்டார்கள். பிள்ளை நடக்கும் தூரம் அதனால் குறைந்தது. ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரும் வாய்ப்பும் குறைந்ததா என்பதை மையங்களின் எண்ணிக்கை சொல்லாது. மாலை ஐந்து மணிக்கு எந்தத் தெருப் பிள்ளை எந்த வாசலில் செருப்பைக் கழற்றியது என்று ஊர் ஊராகப் போய்க் குறித்து வரவேண்டியிருக்கிறது.