வாசர்மன் சோதனை: ஒரு பயனுள்ள பிழை

பறங்கிப்புண் என்று நம் முன்னோர் பெயரிட்ட சிபிலிஸ் நோயின் கிருமியை 1905இல் பெர்லினில் ஷௌடினும் ஹாஃப்மனும் கண்டனர். மறு ஆண்டே அது இருட்புல நுண்ணோக்கியில் உயிரோடு நெளிவதைப் பார்க்க முடிந்தது. ஆனால் புண் ஆறிவிட்டால் கிருமி கண்ணில் படாது. நோயோ உடலுக்குள் பதுங்கியிருக்கும்.

பதுங்கிய நோயை அறிய 1906இல் வாசர்மன், நைசர், ப்ரக் மூவரும் குருதிச் சோதனை ஒன்றை வகுத்தனர். நோயால் இறந்து பிறந்த சிசுவின் ஈரல் சாற்றை அதற்குப் பயன்படுத்தினர். அதிலுள்ள கிருமியோடுதான் நோயாளியின் குருதி வினைபுரிகிறது என்று நம்பினர். விரைவிலேயே நோயற்ற ஈரலும் மாட்டின் இதயமும் அதே விடையைத் தந்தன. சோதனை காட்டியது கிருமிக்கு எதிரான பொருளை அன்று. ஒரு கொழுப்புக்கு எதிரான பொருளை. அக்கொழுப்பான கார்டியோலிபினை 1941இல் மேரி பாங்போர்ன் பிரித்தெடுத்தார்.

மலேரியா, தொழுநோய், லூபஸ் உற்றவர் சிலரின் குருதியும் இச்சோதனையில் 'ஆம்' என்றது. ஆய்வக முடிவை ஒழுக்கத்தின் தீர்ப்பாக வாசித்த சமூகத்தில் அந்த ஒரு சொல் என்ன செய்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். 1949இல் நெல்சனும் மேயரும் உயிருள்ள கிருமியையே கொண்டு சோதிக்கும் முறையைக் கண்ட பின்னரே அத்தகையோரைப் பிரித்தறிய வழி பிறந்தது.

ஆயினும் பழையது ஒழியவில்லை. கிருமிவழிச் சோதனை, நோய் தீர்ந்த பின்னும் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் 'ஆம்' என்றே சொல்லும். கொழுப்புவழிச் சோதனையின் அளவோ சிகிச்சைக்குப்பின் இறங்கும். ஆகவே இன்றும் இரண்டையும் சேர்த்தே மருத்துவர் படிக்கிறார்.

பிழையான கருதுகோளிலிருந்து பயனுள்ள சோதனை பிறந்த இக்கதையை 1935இல் லுட்விக் ஃப்ளெக் நூலாக்கினார். உண்மை கண்டெடுக்கப்படுவதன்று, பலர் கூடி உருவாக்குவது என்றார். நமக்கோ இன்னொன்றும் தோன்றுகிறது: ஒரே சாட்சியை நம்பி யாரையும் தீர்ப்பிடலாகாது.