மெர்சே ரொடொரேடா

மெர்சே ரொடொரேடா (10 அக்டோபர் 1908 – 13 ஏப்ரல் 1983) கட்டலான் மொழி நாவலாசிரியர், சிறுகதையாளர். பார்சலோனாவில் பிறந்தார். இருபதாம் வயதில் தாய்மாமனை மணந்தார், பின்னர் பிரிந்தார். ‘அலோமா’ (1938) இவரது தொடக்ககால நாவல்களில் முக்கியமானது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பு தோற்றதும் 1939இல் பிரான்சுக்குப் புலம்பெயர்ந்தார். தையல் வேலை செய்து பிழைத்தார். பின்னர் ஜெனீவாவில் குடியேறி, ‘வைரச் சதுக்கம்’ (1962) நாவலை எழுதினார். பார்சலோனாவின் கிராசியா பகுதியில் வாழும் நத்தாலியா என்ற எளிய பெண், காதல், கணவன் வளர்க்கும் புறாக்கள், போர், பசி ஆகியவற்றைத் தன் வாய்மொழியாகவே சொல்லும் கதை அது. ‘உடைந்த கண்ணாடி’ (1974) ஒரு செல்வக் குடும்பத்தின் எழுச்சியையும் சரிவையும் சித்திரிக்கிறது. 1980இல் கட்டலான் இலக்கிய கௌரவப் பரிசு பெற்றார். கிரோனாவில் காலமானார்.